தலைக்கு ஊற்றிய பிறகும்

ஆவணி 29, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து தூறல். எதிர்மலை தெரியவே இல்லை. காயப்போட்ட சாமையை உள்ளே எடுப்பதும் வெளியே போடுவதுமாக அரை நாள் போயிற்று.

புரட்டாசி பிறக்குமுன் செய்ய வேண்டியது:
வீடு முழுக்க மெழுக.
பூசைப் பாத்திரம் புளி போட்டுத் தேய்க்க.
கறிச் சட்டியைத் துணியில் கட்டிப் பரணுக்கு.
பெருமாள் படத்துக்குப் புது மாலை, துளசி.
கோகிலாவைக் கேட்க.

மற்றதெல்லாம் பாதிக்கு மேல் ஆயிற்று. கடைசியதுதான் நிற்கிறது.

கோ. ஆனி கடைசியில் வெளியே உட்கார்ந்தாள். ஆடி முழுக்க இல்லை. ஆவணியும் முடிகிறது. காலண்டரில் அவள் உட்காரும் நாளுக்கு மஞ்சளைக் குழைத்துப் புள்ளி வைக்கிறேன். இரண்டு தாளாகப் புள்ளி இல்லை. போன வருடம் தையில்தான் பெரியவள் ஆனாள். அப்போதிருந்தே முன்னே பின்னே. ஒரு மாதம் இரண்டு தரம், அப்புறம் ஒன்றுமே இல்லை. பிஞ்சு உடம்பு, போகப்போகச் சரியாகும் என்று இருந்தேன். இவ்வளவு தள்ளியதில்லை.

குழாயடியில் பக்கத்து வீட்டு ராணியக்கா. "இன்னா சாந்தி, உம் பொண்ணு கொட்டாய் பக்கமே காணோம். ஆடி முச்சூடும் வூட்டுக்குள்ளதான் போல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மாட்டுக்கொட்டாயை ஒட்டின சார்ப்பில் யார் வீட்டுப் பெண் எப்போது உட்கார்ந்தாள் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். உட்காரவில்லை என்பதும் தெரியும்.

கோ.வுக்குப் பதினைந்து நடக்கிறது. பஸ்ஸில் போய் வருகிறாள்.

வேண்டாம். எழுத வேண்டாம்.

ஆவணி 31, செவ்வாய்

மேகம், மழை இல்லை. எள் வறுத்து வெல்லம் போட்டு இடித்து உருண்டை பிடித்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று கோ.வுக்கு. பப்பாளியும். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அரிசி டப்பா சீக்கிரம் இறங்குகிறது. இந்த வாரம் அளந்து பார்த்தேன், குறைகிறது. எலி என்று நினைத்தேன். இன்று பார்த்தால் கோ. பச்சை அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டு நிற்கிறாள். பையிலும் கொஞ்சம். கல்யாணத்தன்று மழை வரும்டி என்று திட்டினேன். "சும்மா வாய்க்கு நல்லாருக்குதும்மா" என்றாள். இது என்ன பழக்கம்.

சாயந்திரம் கேட்டேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை. பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருகிறாய், பள்ளிக்கூடம் விட்டதும் எங்கே நிற்கிறாய் என்று சுற்றிச் சுற்றி. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். புரிந்துவிட்டது அவளுக்கு. தட்டைக் கீழே வைத்தாள்.

"நீ அதுக்கா கேக்குற?"

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அப்டி ஒண்ணும் இல்லம்மா. சாமி மேல வேணா சத்தியம் பண்றேன்."

வேண்டாம் என்றேன். பண்ணினால் நிம்மதியாக இருக்கும் என்றும் இருந்தது. பண்ணச் சொல்லவில்லை. களியைப் பாதியில் விட்டு எழுந்து போய்விட்டாள். நானும் சாப்பிடவில்லை. கோ. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு பேர் களியையும் மாட்டுக்கு வைத்ததைப் பார்த்து உப்பு கூடிப்போச்சா என்றார்.

புரட்டாசி 3, வெள்ளி

நல்ல வெயில். சாமை காய்ந்தது. பாதி மூட்டை கட்டியாயிற்று.

வந்துவிட்டது! காலையில் கோ. கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. புரிந்தது. பெருமாளே, பெருமாளே என்று இரண்டு தரம் வாய்விட்டே சொன்னேன். ஏழு வெள்ளி நெய் விளக்கு என்று நேர்ந்துகொண்டது எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

கொட்டாயில் சாக்கு, பாய், தனித்தட்டு, சொம்பு, கம்பளி. ராணியக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாள். பார்க்கட்டும். வேண்டுமென்றே சத்தமாக, "கோகி, கம்பளியை நல்லா போத்திக்க" என்றேன்.

எள்தான் வேலை செய்தது.

அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை கேட்டதற்கு. என்ன பேசுவது.

புரட்டாசி 4, சனி

முதல் சனி. பிள்ளைகள் நாமம் போட்டுக்கொண்டு சொம்போடு கோவிந்தா சொல்லி வந்தார்கள். ஐந்து வீட்டுச் சொம்பில் அரிசி போட்டேன்.

பெருமாளுக்குப் படைக்கத் தளிகை எல்லாம் ஒரே ஆளாக. சர்க்கரைப் பொங்கல், புளிசாதம், தயிர்சாதம், வடை, மாவிளக்கு. வடை எண்ணெய் குடித்துவிட்டது.

கோ.வுக்குக் கொட்டாயில் வெறும் ரசஞ்சாதம். படைத்ததைக் கொடுக்கக் கூடாது. பொங்கல் வாசனை அங்கே போயிருக்கும்.

துணி அலசப் போனவள் வர நேரமாயிற்று. கேட்டதற்கு நிறைய இருக்குது என்றாள். இரண்டரை மாதத்துக்கு உள்ளது சேர்ந்து போகிறது, போகட்டும், நல்லதுதான் என்றேன்.

புரட்டாசி 6, திங்கள்

தூறல். மூன்று நாள் முடிந்தது. கோ. தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பாய், கம்பளி துவைத்துப் போட்டாயிற்று, காய வழியில்லை. சாமி விளக்கை அவளே துடைத்து ஏற்றினாள். பரீட்சை என்று ஓடினாள்.

முகம் வெளுத்திருக்கிறது. கண்விழித்துப் படிக்கிறாள்.

கறவை: காலை வழக்கம். மாலை கொஞ்சம் குறைவு.

புரட்டாசி 9, வியாழன்

ஏரிக்கரைப் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் மேட்டில் கோ. இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாளாம். ராணியக்கா பார்த்துவிட்டுச் சொன்னாள். இந்த மேட்டில் விறகுக் கட்டோடு ஏறுகிற வயது. சோம்பல் என்று திட்டினேன். படுத்துக்கொண்டாள். நாளையோடு பரீட்சை முடிகிறது, அப்புறம் லீவு. சனிக்கிழமைக்கு எனக்கு ஒரு கை ஆச்சு.

புரட்டாசி 11, சனி

எப்படி எழுதுவது.

இரண்டாம் சனி. கோ. குளித்து ஈரத்தலையோடு மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தேன். உலக்கைச் சத்தம் நின்றது. திரும்பினால் சுவரைப் பிடிக்கப் பார்த்து, பிடிக்காமல் சரிந்தாள். மாவெல்லாம் தரையில். பாவாடையின் பின்பக்கம் முழுக்க.

விழுந்ததை முதலில் பார்த்தேனா, கறையை முதலில் பார்த்தேனா? பெருமாளுக்கு வைத்த மாவாயிற்றே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் பிள்ளை என்று ஓடினேன். ஒரு நொடிதான் இருக்கும். ஆனால் அந்த வரிசையில்தான் தோன்றியது.

தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். நான் ஒன்றும் சொல்வதற்குள் தானாகவே எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டாய்க்குப் போய்விட்டாள். நான் நிறுத்தவில்லை.

அவர் வந்து பார்த்தார். மாவு, ஈரம், நான். என்ன என்று கேட்டார். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டு, தானே குடத்தை எடுத்துப் போய் நான்கு நடை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அவர் குடம் தூக்கி நான் பார்த்ததில்லை.

தளிகை போடவில்லை. பொங்கலை மாட்டுக்கு. கோவிந்தா சொல்லி வந்த பிள்ளைகளை அடுத்த வாரம் வா என்று அனுப்பினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு சனி தப்பியதில்லை.

திங்களன்று தலைக்கு ஊற்றினாளே. மறுபடி எப்படி வந்தது?

புரட்டாசி 12, ஞாயிறு

மழை. கொட்டாயில் ஒழுகுகிறது. கஞ்சி எடுத்துக்கொண்டு போய்த் தள்ளித்தான் உட்கார்ந்தேன். மறுபடி எப்போது வந்தது என்று கேட்டேன்.

"மறுபடி எங்க வந்துச்சு. நிக்கவே இல்லம்மா."

திங்களன்று நின்றுதானே உள்ளே வந்தாய் என்றேன்.

"மூணு நாள் ஆச்சு, தலைக்கு ஊத்திக்கினு உள்ள வான்னு நீ சொன்ன. வந்தேன். எப்பவும் அப்டித்தான். எனக்கு மூணு நாள்ல நின்னதே இல்ல. பத்து நாள் போவும், பன்னெண்டு நாளும் போவும்."

ஏண்டி சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா அத்தினி நாளும் இங்கதான உக்கார வெப்ப." கம்பளியை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இங்க குளுருதும்மா. புஸ்தகம் நனையுது. மாடு மூச்சு விட்டா பயமா இருக்குது."

அப்படியென்றால் காலண்டரில் நான் வைத்த புள்ளி எல்லாம்? எனக்கு மூன்று நாள். என் அம்மாவுக்கு மூன்று நாள். மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான், எல்லாருக்கும் அதுதான் என்று இருந்தேன். நாளைத்தான் எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து சுலோகப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஆசார விதிகள் இருக்கிற இடத்தை எடுத்துப் படித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், இந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்கவே கற்றேன். இன்றும் விரல் வைத்துப் படித்தேன். மூன்று இரவு விலகி, நான்காம் நாள் நீராடி என்று இருக்கிறது. நிற்காவிட்டால் என்ன என்று இல்லை. முன் பக்கம், பின் பக்கம், எங்கேயும் இல்லை.

அப்படியானால் இந்த ஒன்றரை வருடமாக இவள் ஏற்றிய விளக்கு? பறித்துப் போட்ட துளசி? அது எல்லாம் என்ன ஆயிற்று? நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. மாடு கிடாரிக் கன்று போட்டது. சாமை நன்றாக விளைந்தது. அவருக்கு முதுகுவலி விட்டது. இப்படி யோசிப்பதே பாவமோ என்னவோ.

ராணியக்கா வந்தாள். "காத்து பட்டிருக்கும்டி. பூசாரிகிட்ட மந்திரிச்சு கயிறு கட்டு, மூணு நாள்ல நிக்கும்." மறுபடியும் மூன்று நாள். நேர்ந்துகொண்டு கட்டலாமா என்று ஒரு மனம்.

தடுப்பூசி போட வரும் நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். கோ. அப்பாவின் போனை வாங்கி, நான் கொட்டாய்க்கு இந்தப் பக்கம் நின்று பேசினேன். பத்து நாளா, மயக்கமா, ஏம்மா இத்தனை நாள் வெச்சிருந்தீங்க, நாளைக்கே போளூர் கூட்டிட்டுப் போங்க என்றார். கயிறு கட்டலாமா என்று கேட்டேன். கட்டிக்கிட்டே பஸ் ஏறுங்க என்றார்.

கோ. அப்பாவிடம் சொன்னேன். "காலைல மொத பஸ்சுக்கே போங்க" என்றார். அவ்வளவுதான். சாயந்திரம் தார்ப்பாயை எடுத்துப் போய்க் கொட்டாய்க் கூரையில் போட்டார்.

புரட்டாசி 13, திங்கள்

முதல் பஸ். பனி. கொண்டை ஊசி வளைவில் கோ. என் தோளில் சாய்ந்துகொண்டாள். தீட்டு என்று எட்டி உட்காரவில்லை, பஸ்ஸில் எங்கே எட்டி உட்காருவது.

போளூர் பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு, வரிசை. லேடி டாக்டர், என்னைவிடச் சின்னவர். கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். எத்தனை நாள் போகும் என்று கேட்டார். வாயைத் திறந்தேன். மூணு நாளுங்க என்று வந்துவிட்டது. நேற்று முழுக்க அதையே நினைத்திருந்தும், அதுதான் வந்தது. கோ. தரையைப் பார்த்தாள். டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, நீ சொல்லும்மா என்றார். பத்து, பன்னிரண்டு என்றாள். நாப்கின் எத்தனை மணிக்கு ஒருதரம் மாற்றுகிறாய் என்றார். முதல் நாட்களில் ஒரு பீரியடுக்கு ஒன்று போதாது, பெல் அடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றாள். கட்டி கட்டியாக வருமா? வரும்.

எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

"பச்சரிசி, மண்ணு, சாக்பீஸு, இப்படி எதாவது திங்கிறாளா?" என்றார். அரிசி டப்பா அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் திகைத்துப்போனேன். ரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படி ஆசை வருமாம்.

அப்புறம் என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். பெண்ணிடம் தனியாகப் பேசுவது வழக்கமாம். கதவை நர்ஸ் சாத்தினார். நான் பெஞ்சில். என்ன பேசுகிறார்கள்? பெற்றவள் இருக்கக் கூடாத பேச்சு என்ன? விஷ்ணு நாமம் சொல்ல ஆரம்பித்து எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியாமல் திரும்பத் திரும்பக் கேசவா, கேசவா என்றே.

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரும். சிறுநீர் எதற்கு என்று கேட்டேன். நாள் தப்பிய பெண் யார் வந்தாலும் முதலில் அதைப் பார்த்துவிடுவார்களாம், சந்தேகத்துக்கு இல்லையாம். ஒன்றும் இல்லை என்று வந்தது. நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டேன். நிமிர்ந்தால் கோ. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ரத்தம் எட்டுக்குக் கொஞ்சம் மேலே. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம்.

எள்ளால் ஆனதா என்று கேட்டேன். இல்லை என்றார். எள்ளுருண்டை நல்லதுதான், குடுங்க என்றார். சாமி குற்றமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

"மொதல் ரெண்டு மூணு வருஷம் முன்னபின்ன வரும்மா. அதுக்குப் பயப்பட வேணாம். ஒடம்பு இன்னும் கத்துக்குது. ஆனா இவளுக்குப் போற அளவு சாதாரணம் இல்ல. அதைத்தான் பார்க்கணும்."

எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பஸ்ஸில் குலுக்கல், வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். எப்போதெல்லாம் காட்ட வேண்டும்:
பதினைந்து வயது ஆகியும் பெரியவள் ஆகாவிட்டால்.
வர ஆரம்பித்த பிறகு மூன்று மாதம் வராமலே போனால்.
இருபத்தொரு நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தால். நாற்பத்தைந்து நாள் தாண்டித் தாண்டியே வந்தாலும்.
ஏழு நாளுக்கு மேல் போனால். (ஏழு. மூன்று இல்லை.)
மணிக்கு ஒருதரம், இரண்டு மணிக்கு ஒருதரம் மாற்றும்படி இருந்தால்.
மயக்கம், மூச்சு வாங்கல். பள்ளிக்கூடம் போக முடியாத வலி.
முகத்தில் முடி என்று ஏதோ சொன்னார், அது விட்டுப்போயிற்று. கோ.வைக் கேட்க.

எண்ண வேண்டியது முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை. எத்தனை நாள் போனது என்பது தனி. பிள்ளையே குறிக்கட்டும் என்றார்.

ரத்தம் நிற்க மாத்திரை, இரும்பு மாத்திரை. இரும்பு மாத்திரை டீயோடு கூடாது, எலுமிச்சைத் தண்ணீரோடு. வெளிக்குக் கருப்பாகப் போகும், பயப்படக் கூடாது. ரத்தம் உறைகிற சோதனை, தைராய்டு, ஸ்கேன், பூசை லீவு முடிந்து முடிவு. நின்றபாடில்லை, மயக்கம் வந்தது என்றால் லீவு பார்க்காமல் ராத்திரியானாலும் வர வேண்டும்.

கிளம்பும்போது, "எங்க படுக்கிறா?" என்றார். கோ. சொல்லியிருக்கிறாள்! சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "குளிர்ல வேணாம்மா. தனியா விடாதீங்க, மயங்கி விழுந்தா யாரு பார்ப்பா" என்றார். அவ்வளவுதான்.

அதனால் இன்று அவள் உள்ளே. கூடத்தில், கதவோரம். பூசை அறைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினேன். சரியா?

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூசை. அரிவாள், மண்வெட்டி, அவர் வண்டி, கோ. புத்தகம், எல்லாவற்றுக்கும் பொட்டு. இந்த நோட்டுக்கும்.

கோ.வுக்குக் குறைந்திருக்கிறது. காலையில் அவளே சொன்னாள்.

ராணியக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "பூசையும் அதுவுமா வூட்டுக்குள்ள வெச்சிருக்க. ஊர் இன்னா சொல்லும்?" ஏழு நாளுக்கு மேல் போனால் உடம்புக்கு ஆகாது, டாக்டர் சொன்னார் என்றேன். "டாக்டரா வந்து உன் வூட்டு சாமிக்குப் பதில் சொல்லுவாங்க?" அவள் சொல்வதும் சரிதானே. திரையைச் சரியாக இழுத்துவிட்டேன். போனவள் திரும்பி வந்து, வாசலில் குரலைத் தாழ்த்தி, ஏழு நாளுக்கு மேல போனா காட்டணுமா என்று கேட்டாள். அவள் சின்னப் பெண்ணுக்கா என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்று போய்விட்டாள்.

தவறிப்போன சனிக்கு என்ன பரிகாரம்? யாரைக் கேட்பது?

முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பொட்டுக்கடலை. டாக்டர் முட்டை கொடுக்கச் சொன்னார். புரட்டாசியில் முட்டையா. புரட்டாசி போகட்டும்.

முகத்தில் முடி, முகப்பரு, உடம்பு திடீரென்று பெருத்தல். கோ.வைக் கேட்டு எழுதினேன். அது இருந்தாலும் காட்ட வேண்டும். உள்ளே தனியாக வேறென்ன பேசினீர்கள் என்றும் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா. வூட்ல யாருகிட்ட சொல்லுவன்னு கேட்டாங்க."

நீ என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை.

புரட்டாசி 18, சனி

வானம் வெளுத்திருக்கிறது. எதிர்மலை தெரிகிறது.

மூன்றாம் சனி. விடியுமுன் எழுந்து குளித்துத் தனியாகவே எல்லாம். பொங்கல், புளிசாதம், தயிர்சாதம், மாவிளக்கு. மாவு நானே இடித்தேன். வடை இன்று நன்றாக வந்தது. சின்னப் பிள்ளைகள் கோவிந்தா சொல்லி வந்தார்கள், போன வாரத்துக்கும் சேர்த்து அரிசி போட்டேன்.

படைத்துக் கற்பூரம் காட்டினேன். திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவருக்கு இலை போட்டேன், சாப்பிட்டு நிலத்துக்குப் போனார். அடுத்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோ.விடம் ரசஞ்சாதம் வைக்கத்தான் போனேன்.

இன்னும் இருக்குதா என்று கேட்டேன். இந்த ஒன்றரை வருடத்தில் தலைக்கு ஊற்றிய பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை.

"இருக்குதும்மா. கொஞ்சூண்டு."

இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம். அவளுக்கும் அது தெரியும். இருந்தும் இருக்குது என்றாள்.

பெருமாளே, சரியோ தப்போ, எனக்குத் தெரியவில்லை. இலையை அவள் முன்னால் போட்டுப் பொங்கல் வைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாப்பிட்டாள், தலை நிமிராமல் சாப்பிட்டாள். பிறகு இலையை என் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் போடு என்றாள்.